68 கீயா, 84 கீயா: முதல் வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குபவர்களுக்கு

சின்ன கீபோர்டு போதும் என்று முடிவெடுத்துத் தேட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் வந்து முட்டி நிற்பார்கள். ஒன்று 68 கீ உள்ளது, 65% என்பார்கள். இன்னொன்று 84 கீ உள்ளது, 75% என்பார்கள். கீக்ரான் நிறுவனத்தின் கே6 முதல் வகை, கே2 இரண்டாம் வகை. இரண்டிலும் 4000 எம்ஏஎச் பேட்டரி, புளூடூத்தில் 3 கருவிகள், டைப்-சி கேபிள், விண்டோஸ்-மேக் மாற்றும் பொத்தான் எல்லாம் உண்டு. எதை எடுப்பது என்ற குழப்பத்துக்கு அதுவே காரணம். வேறு கம்பெனி மாடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

படத்தில் கே6 ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஸ்கேலை வைத்து அளந்தால் விஷயம் வேறு. ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19.05 மி.மீ. இரண்டு கீபோர்டிலும் அகலம் 16 கீ, அதாவது 30.5 செ.மீ. சட்டத்தையும் சேர்த்தால் 31 செ.மீ.யும் சொச்சமும். நம்பர் பேடு உள்ள முழு கீபோர்டு 22.5 கீ அகலம், சுமார் 43 செ.மீ. மவுசுக்கு 12 செ.மீ. இடம் கிடைப்பது இரண்டிலுமே சமம். 75% வகையில் கூடுதலாக இருப்பது மேலே ஒரே ஒரு வரிசை, 2 செ.மீ. ஆகவே 'மேஜையில் இடம் மிச்சமாகும்' என்ற காரணத்துக்காக 68 கீயை எடுப்பதில் அர்த்தமில்லை. அந்த மேல் வரிசை உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

முதலில் கீயை எண்ணுங்கள்

இப்போது இருக்கும் கீபோர்டின் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேலை நாள் போதும். எஃப்1 முதல் எஃப்12 வரை எதை அமுக்கினாலும் ஒரு கோடு. டெலீட், ஹோம், எண்ட், பிரிண்ட் ஸ்கிரீன், இடது மூலையில் இருக்கும் பேக்டிக் (`) குறி, நம்பர் பேடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு.

எஃப் வரிசையில் ஒரு நாளைக்கு இருபது கோட்டுக்கு மேல் விழுந்தால் 84 கீயை எடுங்கள். 68 கீயில் எஃப்8 வேண்டுமென்றால் எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு 8-ஐ அமுக்க வேண்டும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் உட்கார்ந்து டாலி (கணக்கு மென்பொருள்) போடுபவருக்கு அது நரகம்: பேமெண்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9, தேதி மாற்ற எஃப்2 என்று விரல் மேல் வரிசையிலேயே குடியிருக்கும். உண்மையில் அவருக்கு இந்த இரண்டுமே சரிவராது. நம்பர் பேடு இல்லாமல் நாளைக்கு நூறு பில் ஏற்றுவது தண்டனை. நம்பர் பேடு உள்ள மெக்கானிக்கல் கீபோர்டையே பாருங்கள்; ஆசைக்குச் சின்னது வேண்டும் என்றால் 84 கீயுடன் தனி நம்பர் பேடு ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

வடபழஞ்சி, இலந்தைக்குளம் எல்காட் வளாகங்களில் புரோகிராம் எழுதுகிறவர்கள் பேக்டிக் குறியைக் கவனிக்க வேண்டும். 68 கீயில் அந்த இடத்தில் எஸ்கேப் கீ உட்கார்ந்திருக்கும். பேக்டிக்குக்கு எஃப்என் சேர்க்கை தேவைப்படும். டீபக்கருக்கு (புரோகிராமில் பிழை தேடும் கருவி) எஃப் வரிசையும் வேண்டும். அவர்களுக்கு 84 நல்லது. கதை, கட்டுரை, பாடக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு 68 தாராளம். 68 கீ மாடல்களில் டெலீட் கீயை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கி அந்த ஒரு கீயைத் தேடிப் பாருங்கள்.

தமிழில் அடிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள்

எந்த யூடியூப் விமர்சனத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள். தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் எழுத்துகள் ஆங்கில எழுத்துக் கீகளோடு நிற்பதில்லை. சதுர அடைப்புக்குறி இரண்டும் ச, ஞ. அரைப்புள்ளி ந. ஒற்றை மேற்கோள் ய. ஸ்லாஷ் ழ. வலது ஓரத்துக் கீகள் ஐந்தும் நமக்கு எழுத்துகள்.

68-லும் 84-லும் இவை ஐந்தும் தனிக் கீகளாகவே இருக்கின்றன. இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று 61 கீ உள்ள 60% வகைக்கு இறங்கும்போதுதான் சிக்கல். அதில் அம்புக்குறிக் கீகளே தனியாகக் கிடையாது. சில மாடல்களில் மேல் அம்பை ஸ்லாஷ் கீயோடு சேர்த்திருப்பார்கள். ஒரு சேர்க்கையை அமுக்கினால் அது அம்பாகவே நின்றுவிடும். 'தமிழ்' என்று அடிக்கப் போனால் ழ் வராது, கர்சர் மேல் வரிக்கு ஓடும். தமிழில் எழுதுபவர்கள் 60% பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது இடம் வலது ஷிஃப்ட். இந்த இரண்டு வகையிலும் அது சாதாரணக் கீபோர்டில் இருப்பதைவிடக் குட்டை (சாதாக் கீயைப்போல் 1.75 மடங்கு அகலம்). அதை ஒட்டியே மேல் அம்பு நிற்கும். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்டோடு க்யூ, டபிள்யூ, இ, ஆர். முறையாகத் தட்டச்சுப் படித்த கை, இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்டைத்தான் தேடும். சுண்டுவிரல் ஒரு கீ தள்ளி விழுந்தால் கர்சர் மேல் வரிக்கு ஏறி, அங்கே ஸ-வுக்குப் பதிலாக ஓர் ஆ விழுந்திருக்கும். 'பஸ்' அடிக்கப் போய் முந்தைய வரியில் 'ஆ' என்று நிற்பது புதிதாக வாங்கியவர்கள் எல்லோருக்கும் நடக்கும். இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். உயர்நீதிமன்றக் கிளையைச் சுற்றி மனு, பிரமாணப் பத்திரம் அடிப்பவர்கள்போல முழு வேகத்தில் அடிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் எரிச்சல்தான். அவசர வேலை கையில் இருக்கும் வாரத்தில் கீபோர்டை மாற்றாதீர்கள்.

மொழி மாற்றுவதற்கு சில தட்டச்சு மென்பொருள்களில் எஃப் கீ ஒன்றை வைத்திருப்பார்கள். 68 கீ எடுத்தால் அதை வேறு சேர்க்கைக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-இல் தனி மென்பொருளே தேவையில்லை: செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே தமிழைச் சேர்த்து, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 கீபோர்டைச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அமுக்கினால் மொழி மாறும்.

கீயின் மேல் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர்கள் சொரசொரப்பான பிபிடி பிளாஸ்டிக் கீகேப்பில் (கீயின் மேல்மூடி) சரியாகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் பசை இளகி, எழுத்து நகர்ந்து, விரலில் பிசுபிசுக்கும். தமிழ்99 படத்தை ஒரு தாளில் அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் ஒரு மாதத்தில் கை மனப்பாடம் செய்துவிடும்.

சுவிட்ச்: சிவப்பா, பழுப்பா, நீலமா

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உண்டு; அதன் வகையை நிறத்தை வைத்துச் சொல்வார்கள். சிவப்பு வழுக்கிக்கொண்டு நேரே இறங்கும். பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டும். நீலம் டிக் டிக்கென்று சத்தம் போடும். செர்ரி நிறுவனத்தின் சிவப்புச் சுவிட்சை 45 சென்டிநியூட்டன் விசையில் அமுக்கினால் 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து விழும்; நீலத்துக்கு 60 சென்டிநியூட்டன், 2.2 மி.மீ. மற்ற கம்பெனிகளின் அதே நிறச் சுவிட்சுகளும் ஏறக்குறைய இந்தக் கணக்கிலேயே இருக்கும்.

வீட்டிலிருந்து மீட்டிங் பேசுகிறவர்கள் நீலத்தை வாங்க வேண்டாம். மைக்கில் உங்கள் குரலுக்கு முன் அதன் சத்தம் போகும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த கை கீயைத் தரை வரைக்கும் குத்தும். அந்தக் கைக்குச் சிவப்பு ரொம்ப இலேசு, விரல் பட்டாலே எழுத்து விழுந்து பிழை கூடும். அவர்களுக்குப் பழுப்பு. மற்றவர்கள் கடையில் டிஸ்ப்ளே பீஸ் இருந்தால் அமுக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போகும்போது ஒரு கீயை மட்டும் டொக்கென்று தட்டிவிட்டு வராமல், நின்று நான்கு வரி அடித்துப் பாருங்கள். ஒரு கீயில் எல்லாச் சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கும்.

சுவிட்ச் நிறத்தைவிட முக்கியமானது 'ஹாட் ஸ்வாப்' என்ற சொல். அது இருந்தால் கெட்டுப்போன சுவிட்சைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை நீங்களே சொருகலாம். இல்லாவிட்டால் சால்டரிங் செய்தது என்று அர்த்தம். ஒரு சுவிட்சுக்காக கீபோர்டு முழுவதையும் பிரித்து ஈயத்தை உருக்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் இரண்டு விதமும் விற்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

புளூடூத் மட்டும் போதுமா

கே2, கே6 இரண்டும் புளூடூத் அல்லது கேபிள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) வேண்டுமென்றால் 'மேக்ஸ்' என்று முடியும் மாடல்களில் உண்டு. 'ப்ரோ'வில் டாங்கிள் இல்லை, ஆனால் எந்தக் கீயையும் வேறு கீயாக மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

லேப்டாப், போன், டேப்லெட் வைத்திருப்பவர்களுக்குப் புளூடூத் போதும். டெஸ்க்டாப்காரர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பழைய அசெம்பிள்டு கணினிகளில் புளூடூத்தே இருக்காது; யூஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். அப்படிச் செருகினாலும், விண்டோஸ் ஏறிய பிறகே கீபோர்டு உயிர் பெறும். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும் கணினியின் அடிப்படை அமைப்பு) போகவோ விண்டோஸைப் புதிதாக ஏற்றவோ கேபிள் அல்லது டாங்கிள்தான் வழி. பெட்டியோடு வரும் கேபிளைத் தொலைக்காதீர்கள்.

டாங்கிளைக் கணினியின் பின்பக்கத்தில், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகி, அதற்குப் பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்கையும் செருகினால் எழுத்துகள் விட்டுவிட்டு விழும். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கிளப்பும். இடையில் இரும்பு கேபினெட்டும் மறைக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை மேஜை மேல் கொண்டுவந்தால் தீர்ந்தது.

பெட்டி வந்த நாளில்

பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். உடைந்து வந்தால் வேறு சாட்சி கிடையாது. ஜிஎஸ்டி பில்லையும் பெட்டியையும் வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள்.

1. முதலில் கேபிளில் சார்ஜ் ஏற்றுங்கள். கணினியின் யூஎஸ்பி போர்ட்டோ பழைய 5 வோல்ட் போன் சார்ஜரோ போதும். ஒரு முனை சாதா யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி என்றுள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் மலிவான சில கீபோர்டுகள் சார்ஜ் ஆகவே ஆகாது. சார்ஜருக்கு அடையாளம் காட்டும் சின்ன ரெசிஸ்டரைக் கம்பெனி வைக்காமல் விட்டிருக்கும். கீபோர்டு செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

2. ஓரத்தில் உள்ள பொத்தானை விண்டோஸ் பக்கம் தள்ளுங்கள். மேக் பக்கம் இருந்தால் ஆல்ட்டும் விண்டோஸ் கீயும் இடம் மாறி வேலை செய்யும். ஆல்ட்டை அமுக்கினால் ஸ்டார்ட் மெனு திறக்கிறது என்ற புகாருக்கு இதுதான் காரணம்.

3. இன்னொரு பொத்தானைப் புளூடூத்துக்குத் தள்ளுங்கள். கே2-வில் எஃப்என்னும் 1-ம் சேர்த்து 4 விநாடி பிடித்தால் விளக்கு வேகமாக மின்னும். கணினியில் அதன் பெயரைத் தேர்ந்தெடுங்கள். போனுக்கு எஃப்என்னும் 2-ம். பிறகு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, பிடிக்காமல் ஒரு தட்டுத் தட்டினால் போதும். இணையவில்லை என்றால் கணினியில் பழைய பெயரை நீக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

4. கே2-வில் எஃப்5-ஐ அமுக்கினால் விளக்கோ ஒலியோ மாறுகிறதா? எஃப்என், எக்ஸ், எல் மூன்றையும் சேர்த்து 4 விநாடி பிடியுங்கள். எஃப் வரிசை சாதாரணமாக மாறிவிடும்.

பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் கீபோர்டு தூங்கிவிடும். எழுப்பும்போது முதல் ஓரிரு எழுத்து விழாது. அது பழுது கிடையாது. ஷிஃப்டை ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு அடிக்க ஆரம்பியுங்கள்.

வண்ண விளக்கை அணைத்துவிட்டால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். எரியவிட்டால் நாள் கணக்குதான். வண்டிப் பெட்டியில் போட்டு மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. தட்டையாக இருந்த கீபோர்டு மேஜையில் திடீரென்று ஆட ஆரம்பித்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்

எல்லாக் கீயையும் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது போதாது. மெக்கானிக்கல் சுவிட்சின் பெரிய வியாதி இரட்டை விழல்: ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. உள்ளே உள்ள உலோகத் தகடு தொடும்போது அதிர்ந்து, கணினி அதை இரண்டு தட்டாக எண்ணிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் இது கண்ணுக்கு உடனே தெரியும். தமிழ்99-இல் மறைந்துகொள்ளும். அந்த முறையில் ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ட கீ இரட்டித்தால் 'படம்' 'பட்டம்' ஆகும், 'கடை' 'கட்டை' ஆகும். சொல் சரியாகத்தான் இருக்கிறது என்று பிழைதிருத்தியும் விட்டுவிடும். நீங்கள் உங்கள் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பீர்கள், கெடு முடிந்துவிடும். ஆகவே சோதனையை ஆங்கிலத்தில் வைத்துச் செய்யுங்கள்: எழுத்து விழும் ஒவ்வொரு கீயையும் நிதானமாக 20 தடவை தட்டி, திரையில் 20 எழுத்து நிற்கிறதா என்று எண்ணுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு தமிழுக்கு மாற்றி 'ஔவை, ஞாயிறு, யாழ், சந்தை, இங்கே, பஸ்' என்று அடித்துப் பாருங்கள். மூலையில் இருக்கும் கீகள் எல்லாம் இதில் வந்துவிடும்.

ஹாட் ஸ்வாப் கீபோர்டில் ஒரு கீ வேலை செய்யவில்லை என்றால் பக்கத்துக் கீயின் சுவிட்சோடு மாற்றிப் போடுங்கள். பழுது சுவிட்சோடு நகர்ந்து போனால் சுவிட்சுதான் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் போர்டில் கோளாறு, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பிடுங்குமுன் கீபோர்டை ஆஃப் செய்து கேபிளை எடுத்துவிடுங்கள். சொருகும்போது இரண்டு ஊசியும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, செங்குத்தாக அமுக்குங்கள். சாய்த்து அமுக்கினால் ஊசி மடங்கும். முரட்டுத்தனமாக அமுக்கினால் அடியில் உள்ள சாக்கெட்டே பெயர்ந்துவிடும். மடங்கிய ஊசியைச் சின்ன இடுக்கியால் நிமிர்த்திவிடலாம், ஒரு தடவை. இரண்டாம் தடவை ஒடியும்.

மணிக்கட்டும் தூசியும்

இந்த வகைக் கீபோர்டுகளின் முன்விளிம்பே ஏறக்குறைய 2 செ.மீ. உயரம். லேப்டாப் கீபோர்டில் பழகியவர்களுக்கு நான்காம் நாள் மணிக்கட்டு வலிக்கும். தெரிந்த ஆசாரியிடம் 31 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டு கேளுங்கள். கை படும் விளிம்பை உருட்டி, 120-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, பிறகு 240 போட்டால் வழவழவென்றிருக்கும். கடையில் விற்கும் ஸ்பான்ஞ் திண்டு நம் வியர்வைக்கு ஆறு மாதத்தில் நாறும்.

மாதம் ஒரு முறை கவிழ்த்துத் தட்டி, பெயிண்ட் பிரஷால் இடுக்குகளைத் துடையுங்கள். இனிப்புத் துணுக்கு விழுந்தால் எறும்பு தேடி வரும். ஜிகர்தண்டாவைக் கீபோர்டின் மேல் கவிழ்த்துவிட்டால் உடனே ஆஃப் செய்து, கேபிளைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்புங்கள். பாலும் நன்னாரி சர்பத்தும் காய்ந்தால் பசையாக ஒட்டும், துடைத்தால் மட்டும் போகாது. கீகேப்புகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நனைந்த சுவிட்சுகளைப் பிடுங்கி, போர்டை 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70% வகையில் மீதி தண்ணீர், அது வேண்டாம். ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள். ஹேர் டிரையரும் மொட்டைமாடி வெயிலும் கூடாது, பிளாஸ்டிக் வளையும். அப்புறமும் ஒட்டுகிற சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கீகேப் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் செட் வாங்கும்போது 1.75 அளவு ஷிஃப்டும், ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் போட 1 அளவில் மூன்று கீயும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழு கீபோர்டுக்கான சாதா செட்டில் இவை இருக்காது.

ஆயுத பூஜை அன்று கீபோர்டுக்குப் பொட்டு வைக்காமல் இருக்க யாரும் சொல்லப்போவதில்லை. கீயின் மேல் வைத்தால் குங்குமத்தூள் சுவிட்சுக்குள் இறங்கி, சந்தனம் காய்ந்து கெட்டியாகும். பின்பக்கம் கேபிள் செருகும் ஓட்டையிலிருந்து தள்ளி, சட்டத்தின் மேல் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.